சுவர் நீங்கியும் உயிர் நீங்காமல்: தாவரப் புரோட்டோபிளாஸ்ட்டுகளைப் பிரித்தெடுத்தல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடியை அடுத்த வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இயங்கி வருவதை நம் மாணவர் பலர் அறிவர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய உளுந்து ரகங்கள் இன்று தமிழகம் எங்கும் விதைக்கப்படுகின்றன. வானம் பார்த்த நம் செம்மண் நிலங்களில் உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் வாய்த்த பெரும்பகை மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் ஒரு வைரசால் வருவது இது. இலை மஞ்சள் பூத்து, செடி குன்றி, காய் பிடிக்காமல் போகும். மருந்து தெளித்து வைரசை ஒழிக்க இயலாது. ஈயைக் கட்டுப்படுத்தலாம், அல்லது நோயைத் தாங்கும் ரகத்தை விதைக்கலாம். தாங்கும் ஆற்றல் பெரும்பாலும் பயிரின் காட்டு உறவுகளிடம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த வம்பன் 6 என்னும் உளுந்து, வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்தோடு கலந்து உருவாக்கப்பட்டதேயாகும். பாசிப்பயற்றை 13 காட்டுப் பயற்றினங்களோடு கலந்து பார்த்த வம்பன் ஆய்வு 2010இல் அச்சேறியது.

ஆயினும் எல்லா உறவும் மணவுறவாக முடிவதில்லை. இனங்கள் சற்றே விலகியிருப்பின், மகரந்தக் குழல் சூலை எட்டாமல் நின்றுவிடும்; எட்டினாலும் கரு இளமையிலேயே மடியும்; கரு பிழைத்து வளர்ந்தாலும் கலப்புச் செடி மலடாகலாம். பூவின் வழியே சேர மறுக்கும் இரண்டு இனங்களை, பூவை விடுத்து உடற்செல்களின் வழியே சேர்க்க இயலுமா என்று அறிவியலார் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அதற்கு முதற்படி, செல்லைச் சூழ்ந்த சுவரை நீக்குவது. சுவரை நீக்குவது அத்துணை அரிதன்று. சுவர் நீங்கிய பின்னும் உள்ளிருப்பது உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அரிது. அவ்வருமையை நாம் ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலராதலின் சொல்லிலிருந்து தொடங்குவது முறை. 1880இல் ஹான்ஸ்டைன் என்னும் செருமானியத் தாவரவியலார், செல் சுவருக்குள் அடங்கிய உயிர்ப்பொருள் முழுவதையும் குறிக்கப் புரோட்டோபிளாஸ்ட் என்னும் சொல்லைப் புனைந்தார். கிரேக்க வேர்ப்படி அதற்கு முதலில் உருவாக்கப்பட்டது என்று பொருள். இதனோடு உறவுடைய புரோட்டோபிளாசத்துக்கு ஈழத்துக் கலைச்சொல்லாளர் முதலுரு என்று பெயரிட்டனர். அழகிய ஆக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது வேரூன்றவில்லை என்பது நமக்கு வருத்தமே. மாணவர்க்குப் பழகிய சொல்லே தேர்வுக்கும் உதவும் என்பதால், புரோட்டோபிளாஸ்ட் என்றே நாமும் எழுதிச் செல்கிறோம். பொருளில் மட்டும் ஐயம் வேண்டா: செல்லிலிருந்து சுவரை மட்டும் கழித்தால் எஞ்சுவது புரோட்டோபிளாஸ்ட். உட்கருவும் பசுங்கணிகமும் நுண்குமிழியும் பிறவும் மெல்லிய பிளாஸ்மா சவ்வு ஒன்றினுள் அடங்கி, உருண்டையாக மிதக்கும் ஓர் உயிர்த்துளி அது.

தாவரச் செல்களை நம் பழைய வீட்டுச் சுவரோடு ஒப்பிடலாம். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே காரை போலப் பூசப்பட்டிருப்பது பெக்டின். ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்த கட்டுமானம் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் ஆகியவற்றால் ஆனது. காரையைக் கரைத்தால் செல்கள் தனித்தனியே பிரியும். கட்டுமானத்தையும் கரைத்தால் புரோட்டோபிளாஸ்ட் வெளிப்படும். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

கத்தியிலிருந்து நொதிக்கு

1892இல் கிளெர்க்கர் என்பார் நீர்த்தாவரம் ஒன்றின் திசுவை அடர்ந்த கரைசலில் இட்டார். செல்லின் உள்ளுயிர் நீரிழந்து சுவரை விட்டுச் சுருங்கியது. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதை நம் அடுக்களையில் நாள்தோறும் காண்கிறோம், அதே நிகழ்வுதான். அவ்வாறு சுருங்கியிருக்கையில் திசுவைக் கூரிய கத்தியால் அரிந்தால், கத்தி சுவரை மட்டும் வெட்டிச் சென்ற செல்களிலிருந்து உள்ளுருண்டை முழுமையாக நழுவி வெளிவரும். ஆனால் நூற்றில் சிலவே அவ்வாறு தப்பும். வெங்காயச் செதில் போன்ற பெரிய செல்களுள்ள திசுக்களுக்கே அம்முறை பொருந்தும்.

பின்னர் ஏறத்தாழ எழுபதாண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை. 1960இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் காக்கிங், ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த செல்லுலேஸ் நொதியைக் கொண்டு தக்காளி வேர்நுனியின் சுவரைக் கரைத்துப் புரோட்டோபிளாஸ்ட்டுகளை விடுவித்தார். நொதி விலைக்குக் கிடைக்காத காலம் அது. சப்பானிய நிறுவனங்கள் நொதிகளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே இத்துறை விரைந்தது. 1968இல் தக்கபேயும் உடனாய்வாளரும் புகையிலை இலையில் முதலில் காரையையும் பிறகு சுவரையும் இரண்டு கட்டமாகக் கரைத்தனர். அதே ஆண்டில் பவரும் காக்கிங்கும் இருவகை நொதிகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே கட்டத்தில் முடித்தனர். நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஏற்றது இந்த இரண்டாம் முறையே. கையாளும் தடவை குறையக் குறைய உயிரிழப்பும் குறையும். 1971இல் புகையிலைப் புரோட்டோபிளாஸ்ட் ஒன்றிலிருந்து முழுச் செடியே வளர்த்தெடுக்கப்பட்டது. சுவரிழந்த ஒற்றைச் செல்லுக்குள் ஒரு முழுச்செடி அடங்கியிருந்தது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

மதுரையில் ஓர் உரலும் மஸ்லின் துணியும்

இவ்வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை மாணவர் பலர் அறியார். 1969இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் ஞானமும் குழந்தைவேலுவும் அமெரிக்காவின் பிளான்ட் பிசியாலஜி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 10 கிராம் இலையை 40 மில்லி லிட்டர் ஊடகத்தில், சிற்றுரலும் குழவியும் கொண்டு மென்மையாக மசிப்பது. சாற்றை இரண்டு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டுவது. குறைந்த வேகத்தில் சுழற்றிச் செல்களைப் படியவைத்துக் கழுவுவது. இவ்வளவே அவர்கள் முறை. ஊடகத்தில் சர்க்கரையும் மக்னீசியம் குளோரைடும் காரகாடித் தாங்கலும் இருந்தன. விலையுயர்ந்த நொதி எதுவும் இல்லை. புல்வகை உட்படப் பல செடிகளின் முதிர்ந்த இலையிலிருந்து இவ்வாறு இலைச்செல்களைப் பிரித்தனர். மோசுல் நகரின் பெயரைச் சுமந்த அத்துணிக்கு நவீன உயிரியலிலும் ஓர் ஊழியம் வாய்த்தது என்று நாம் மகிழலாம்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். மதுரையில் பிரிந்தவை சுவரோடு கூடிய தனிச்செல்கள், புரோட்டோபிளாஸ்ட்டுகள் அல்ல. காரை விட்டுப்போயிற்று, சுவர் விடவில்லை. எனினும் அந்த ஆய்வை நாம் இங்கே போற்றுவதற்குக் காரணம் வேறு. பிரித்த செல்களை அவர்கள் எண்ணிக்கையோடு விட்டுவிடவில்லை. அவை ஒளிச்சேர்க்கை செய்கின்றனவா, சுவாசிக்கின்றனவா என்று அளந்து பார்த்தனர். செயலே உயிரின் சான்று என்னும் கொள்கை அது. பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக விளங்கிய ஞானம் அவர்களின் அந்த அணுகுமுறை, புதுக்கோட்டை மாணவர்க்கும் உரிய மரபேயாகும்.

செய்முறை

இனி ஆய்வகத்துக்குள் நுழைவோம். எல்லாம் இலையின் தேர்விலேயே தொடங்குகிறது. முதிர்ந்த இலையின் சுவர் கடினம். மிக இளந்தளிரின் செல்கள் நெருக்கமானவை. அண்மையில் விரிந்து முடிந்த இலை ஏற்றது. செடியை ஓரிரு நாள் இருட்டில் வைப்பது நல்லது. வெயிலில் நின்ற இலையில் மாவுமணிகள் திரண்டிருக்கும். சுழற்றும்போது அக்கனத்த மணிகள் மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். வயலில் இருந்து பறித்த இலையைவிட, தொட்டியில் சீரான ஒளியில் வளர்த்த நாற்றின் இலை ஒவ்வொரு முறையும் ஒரே வகை முடிவு தரும்.

இலையை நுண்ணுயிர் நீக்கக் கரைசலில் கழுவி, தூய நீரில் பலமுறை அலச வேண்டும். பிறகு கீழ்ப்புறத் தோலை நுண்இடுக்கியால் உரித்துவிட வேண்டும். மேல்தோலில் படிந்த மெழுகை நொதி ஊடுருவாது. உளுந்து இலையில் தோல் எளிதில் உரியாது. அவ்வாறாயின், புதிய சவரத்தகட்டால் அரை முதல் ஒரு மில்லி மீட்டர் அகலக் கீற்றுகளாக அரிதல் வேண்டும். பழைய தகடு வெட்டாது, நசுக்கும்.

அடுத்தது சவ்வூடுபரவல் அழுத்தம். சுவரில்லாத உருண்டையை வெறும் நீரில் இட்டால் நீர் உட்புகுந்து, நிமிடத்தில் உப்பி வெடித்துவிடும். ஆகவே கரைசல் அனைத்திலும் மானிட்டால் அல்லது சார்பிட்டால் கலந்திருத்தல் வேண்டும். 0.5 மோலார் மானிட்டால் பல இலைகளுக்குத் தொடக்க அளவு. 100 மில்லி லிட்டருக்கு 9.1 கிராம் எடை வரும். செடிக்குச் செடி இவ்வளவு 0.4 முதல் 0.7 வரை மாறும். குறைந்தால் வெடிப்பு, மிகுந்தால் உருண்டை சுருங்கி, பின்னர்ப் பிளவுறும் ஆற்றலை இழக்கும். நொதிக்கு முன்பாக இலைக்கீற்றுகளை இதே கரைசலில் அரைமணி முதல் ஒருமணி நேரம் ஊறவிட்டால் உள்ளுயிர் சுவரைவிட்டு விலகிவிடும். நொதிக் கலவையில் உள்ள வேண்டாத நொதிகள் செல்லுக்குள் உறிஞ்சப்படுவதும் அதனால் குறையும்.

நொதிக் கரைசலில் செல்லுலேஸ் 1 முதல் 2 விழுக்காடு, பெக்டினைக் கரைக்கும் மாசரோசைம் 0.2 முதல் 0.5 விழுக்காடு, சவ்வைத் திடப்படுத்தச் சிறிதளவு கால்சியம் குளோரைடு, மேற்சொன்ன மானிட்டால் ஆகியன இருக்கும். காரகாடிநிலை 5.6 முதல் 5.8 வரை. இக்கரைசலை அழுத்தக் கலனில் வேகவைத்துத் தூய்மை செய்யலாகாது. நொதி புரதமாதலின் வெந்து செயலிழக்கும். 0.22 மைக்ரான் நுண்வடியில் வடிப்பதே வழி. 25 பாகை செல்சியசில், இருட்டில், மெல்ல அசைத்தவாறு 4 முதல் 16 மணி நேரம் விட வேண்டும். சித்திரை வெயிலில் நம்மூர் ஆய்வக அறையின் வெப்பநிலை 35 பாகையை எளிதாகத் தாண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத துறைகள் இப்பயிற்சியை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. கூடுதல் நேரம் விட்டால் கூடுதல் விளைச்சல் என்று எண்ணிப் பகல் முழுவதும் ஊறவைப்பாரும் உளர். விற்பனைக்கு வரும் நொதிப்பொடி முழுத்தூய்மையானதன்று. அதில் கலந்துள்ள புரதச் சிதைப்பிகளும் பிறவும் சுவர் கரைந்த பின் சவ்வைத் தாக்கத் தொடங்கும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை உருண்டையானதும் நிறுத்துவதே சரி.

பின்பு 40 முதல் 60 மைக்ரான் கண்ணுள்ள நைலான் வலையில் வடித்து, 100 மடங்கு புவியீர்ப்பில் 5 நிமிடம் சுழற்ற வேண்டும். பல கல்லூரிக் குறிப்பேடுகளில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று மட்டும் எழுதியிருப்பதைக் காண்கிறோம். கருவியின் ஆரம் தெரியாமல் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. ஆரம் 10 சென்டி மீட்டராயின் ஏறத்தாழ 950 சுற்றுகள் 100 மடங்கு தரும். ஆரம் பெரிதாயின் சுற்றைக் குறைக்க வேண்டும். படிந்ததை நொதியற்ற கழுவு கரைசலில் இரண்டு மூன்று முறை அலசிய பின், 21 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் கலந்து மீண்டும் மெல்லச் சுழற்றினால் ஒரு நல்ல காட்சி கிட்டும். உடைந்த சக்கையும் சிதைந்த செல்லும் அடியில் இறங்க, முழுமையான புரோட்டோபிளாஸ்ட்டுகள் பச்சை நாடாவாக மேலே மிதக்கும். அந்நாடாவை நுனி அகன்ற உறிஞ்சுகுழாயால் மெதுவாக எடுக்க வேண்டும். குறுகிய நுனியில் வேகமாக உறிஞ்சுவது, அதுவரை பட்ட பாடனைத்தையும் ஒரே நொடியில் கெடுத்துவிடும்.

உயிருள்ளது எது?

உருண்டையாக இருப்பதெல்லாம் உயிருள்ளது அன்று. உருண்டை வடிவம் சுவர் நீங்கியதைக் காட்டும், அவ்வளவே. இறந்த புரோட்டோபிளாஸ்ட்டும் சில நேரம் உருண்டையாகவே மிதக்கும். பயிற்சிப் பதிவேடுகளில் ஏராளமான புரோட்டோபிளாஸ்ட்டுகள் கிடைத்தன என்று முடிக்கும் வழக்கம் இருக்கிறது. உயிர்வீதம் குறிக்காத எண்ணிக்கை எண்ணிக்கையே அன்று என்பது நம் கருத்து.

உயிரை அறியப் பலவழிகள் உள்ளன. உள்ளே குழைமம் ஓடுவதை நேரே காணலாம். ஆனால் பசுங்கணிகம் நிறைந்த இலைச்செல்லில் அவ்வோட்டம் எளிதில் புலப்படாது. மிகுதியும் கையாளப்படுவது ஃபுளூரசின் டைஅசிட்டேட் என்னும் பொருள். இதன் நுட்பம் சுவையானது. இப்பொருளுக்கு ஒளிர்வு இல்லை. ஆனால் சவ்வை எளிதில் கடந்து உட்செல்லும். உள்ளே உயிர்ப்புள்ள எஸ்டரேஸ் நொதி அதை வெட்டி ஃபுளூரசினாக்கும். ஃபுளூரசின் ஒளிரும், ஆனால் முழுமையான சவ்வைக் கடந்து எளிதில் வெளியேற இயலாது. ஆகவே நீல ஒளியில் பச்சையாகச் சுடர்விடும் உருண்டை இரண்டு சான்றுகளை ஒருங்கே தருகிறது: நொதி வேலை செய்கிறது, சவ்வு கிழியவில்லை. விலங்குச் செல்களில் இதை 1966இல் ரோட்மனும் பேப்பர்மாஸ்டரும் விளக்கினர். 1972இல் விட்ஹோம் தாவரச் செல்களுக்குக் கொண்டுவந்தார். இறந்த இலைச்செல்லில் பச்சையம் மட்டும் சிவப்பாக மினுங்கும். சாயமிட்ட சில நிமிடங்களுக்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். நேரம் செல்லச் செல்ல ஒளிர்வு மங்கும்.

ஒளிர்வு நுண்ணோக்கி எல்லாக் கல்லூரியிலும் இருப்பதில்லை. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. எவான்ஸ் நீலம் என்னும் சாயத்துக்குச் சாதாரண நுண்ணோக்கியே போதும். உயிருள்ள சவ்வு அச்சாயத்தை உள்ளே விடாது, இறந்தது நீலமாகிவிடும். இங்கே நிறமற்றதே நல்லது என்பதை மாணவர் நினைவிற்கொள்க.

எண்ணுவதற்கு மருத்துவ ஆய்வகங்களில் இரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகடே உதவும். அதன் பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 1 மில்லி மீட்டர் நீளமும் அகலமும், 0.1 மில்லி மீட்டர் ஆழமும் கொண்டது. எனவே ஒரு கட்டத்தின் சராசரியைப் 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லி லிட்டருக்குரிய எண் வரும். எடுத்துக்காட்டாக, சராசரி 24 எனில் மில்லி லிட்டருக்கு 2,40,000. அந்த 24இல் 18 உயிருள்ளவை எனில் உயிர்வீதம் 75 விழுக்காடு, உயிருள்ளவை 1,80,000. ஒரு கிராம் இலையிலிருந்து 5 மில்லி லிட்டர் எடுத்திருந்தால், கிராமுக்கு உயிருள்ள புரோட்டோபிளாஸ்ட் 9,00,000. பதிவேட்டில் வர வேண்டியது இந்தக் கடைசி எண். வளர்ப்புக்கு வைக்கும்போது மில்லி லிட்டருக்கு 10,000 முதல் 1,00,000 வரை உயிருள்ளவை இருப்பது வழக்கம். கூட்டம் குறைந்தால் அவை பிளவுறுவதில்லை. தனித்து விடப்பட்ட செல்லுக்குத் துணை வேண்டும் போலும்.

பிரித்த பின்

நல்ல புரோட்டோபிளாஸ்ட் வளர்ப்பில் ஓரிரு நாளிலேயே புதுச்சுவர் கட்டத் தொடங்கும். இணைப்புக்கென்றால் அதற்கு முன்பே, 1974இல் காவோவும் மிக்காய்லுக்கும் காட்டிய பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவற்றால் இரண்டை ஒட்டவைக்க வேண்டும். 1978இல் மெல்ச்சர்ஸ் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இவ்வாறு இணைத்த செடி உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் உழவர்க்கு அது பயிராகவில்லை.

தானியத்தின் கதை வேறு. நெல், கம்பு இவற்றின் இலைப் புரோட்டோபிளாஸ்ட்டுகள் உயிரோடு வந்தாலும் பிளவுற மறுத்தன. 1980இல் விமலா வாசிலும் இந்திரா வாசிலும் இலையை விடுத்து, கருவாகும் திறனுள்ள திரவ வளர்ப்புச் செல்களிலிருந்து கம்பின் புரோட்டோபிளாஸ்ட்டுகளை எடுத்து நாற்று வரை கொண்டுசென்றனர். உயிர்வீதம் மட்டும் போதாது, எந்தத் திசுவிலிருந்து எடுத்தோம் என்பதும் முடிவு செய்கிறது என்பதை அது காட்டிற்று.

பயறுகள் நெடுநாள் பிடிவாதம் காட்டின. 1983இல் செகாவத்தும் கால்ஸ்டனும், வறட்சி தாங்கும் வடநாட்டு மோத் பயற்றின் இலைப் புரோட்டோபிளாஸ்ட்டிலிருந்து செடி பெற்றனர். 1994இல் நாட்டிங்காம் குழுவினர், பாசிப்பயற்றின் காட்டு உறவான விக்னா சப்லொபேட்டாவில், இலைக்குப் பதிலாக நாற்றின் விதையிலைக்குக் கீழ்த்தண்டைக் கொண்டு செடி வளர்த்தெடுத்தனர். மஞ்சள் தேமலோடு போராடும் நம் மாவட்டத்துக்கு இவ்விரண்டும் அண்டை வீட்டுச் செய்திகள்.

இன்று இத்துறைக்குப் புதிய தேவையும் வந்துள்ளது. 2015இல் கொரிய ஆய்வாளர், மரபுத்திருத்தப் புரதத்தையும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து நேரே புரோட்டோபிளாஸ்ட்டுக்குள் செலுத்தி, அயல் மரபணு எதையும் நுழைக்காமல் நெல், புகையிலை, கீரைக்கோசு முதலியவற்றின் மரபைத் திருத்திக் காட்டினர். அயல் மரபணு இல்லாத சிலவகைத் திருத்தச் செடிகளுக்கு 2022இல் இந்திய அரசும் விதிகளைத் தளர்த்தியது. சுவர் நின்றால் அப்புரதம் உள்ளே செல்லாது. சவ்வு கிழிந்தால் சென்றும் பயனில்லை.

நம் மாவட்டக் கல்லூரி ஒன்று தொடங்க விரும்பின், வம்பன் உளுந்து விதையை முளைக்கவிட்டு, ஏழெட்டு நாள் நாற்றின் இலையை ஒரு தொகுதியாகவும் கீழ்த்தண்டை மறு தொகுதியாகவும் கொள்ளலாம். நொதிப்பொடி சில கிராம், மானிட்டால், நைலான் வலை, எவான்ஸ் நீலம், எண்ணும் தகடு, சாதாரண நுண்ணோக்கி ஆகியன போதும். பிரித்த முதல் மணியில் ஒருமுறையும், 24 மணி கழித்து மறுமுறையும் உயிர்வீதத்தை எண்ணி இரண்டையும் அடுத்தடுத்துப் பதிவு செய்க. முதல் நாள் நிறமற்று நின்றவற்றுள் எத்தனை மறுநாள் நீலமாயின என்பதை அந்த இரண்டாம் எண்ணே சொல்லும்.